சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் வழக்கு: எது ஒழுக்கக்கேடு என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

தேரிக்காட்டான் எழுதியது:

பனையேறி பாளையைச் சீவி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் மறுநாள் காலையில் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் இறங்குவது கள். மரமும் அதேதான், பாளையும் அதேதான், ஏறுகிற ஆளும் அவரேதான். சுண்ணாம்பு இருந்தால் ஈஸ்ட் வேலை செய்யாது, இனிப்பு இனிப்பாகவே நிற்கும். இல்லையென்றால் மரத்தில் இருக்கும்போதே நுரைக்க ஆரம்பித்துவிடும்.

முதல் கலயத்தை இறக்குகிறவரைப் பாரம்பரியத்தைக் காப்பவர் என்று பாராட்டுகிறோம். அந்தப் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் பக்கத்தில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இரண்டாவது கலயத்தை இறக்குகிறவர் மீது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு. அதே ஊர் முக்கில் அரசே நடத்தும் கடையில் 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள பிராந்தி கிடைக்கிறது. கள்ளில் இருப்பது ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான்.

கள்ளுக்கு அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று ஏற்கெனவே நிறைய இழைகள் ஓடிவிட்டன. நான் பேச விரும்புவது அதற்கு முந்தைய கேள்வி. ஒரே செயல் ஒரு காலத்தில் சாதாரணம், இன்னொரு காலத்தில் ஒழுக்கக்கேடு, மறுபடி சாதாரணம் என்று எப்படி மாறுகிறது? என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். போதையின் அளவை வைத்து இந்தக் கோட்டை யாரும் கிழிக்கவில்லை. யார் குடிக்கிறார், யார் விற்கிறார், காசு எங்கே போகிறது என்பதை வைத்தே கிழித்தார்கள். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

பொள்ளாச்சித் தென்னை எழுதியது:

அண்ணா, எங்கள் தோப்பிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம்தான். தாண்டினால் பாலக்காடு மாவட்டம், சித்தூர். அங்கே கள் இறக்குகிறவர் உரிமம் பெற்ற தொழிலாளி. அவருக்கென்று நல நிதி வாரியம் உண்டு. கள்ளு ஷாப்பில் குடும்பத்தோடு உட்கார்ந்து கப்பையும் மீன்கறியும் சாப்பிடுகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தப் பக்கம் அதே ரகத் தென்னையில் அதே வேலையைச் செய்தால் போலீஸ் வரும்.

2017-இல் நீரா, அதாவது தென்னம்பாளையிலிருந்து எடுக்கும் புளிக்காத சாறு, இறக்க அனுமதி வந்தது. ஆனால் நீரா புளிக்கவே கூடாது. அப்படியென்றால் இறக்கியது முதல் விற்கும்வரை குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். சின்ன விவசாயிக்கு அது கட்டுபடியாகவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வருகிற பெரிய மனிதர்கள் இங்கே ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கள் இறக்குகிறவனைக் கேவலமாகப் பேசுவார்கள். எனக்கு ஆற்றாமை அதில்தான்.

செவிலி மலர் எழுதியது:

கோடு, காசு என்று நீங்கள் இருவரும் பேசுவதைப் படித்தேன். நான் போதை மீட்பு வார்டில் வேலை செய்கிறவள். ஈரல் சுருங்கி, வயிறு வீங்கி, கண் மஞ்சளாக வருகிறவரின் நோயை எந்தச் சமூகமும் கற்பனை செய்யவில்லை. குடியை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கும், வியர்க்கும். மெத்தை விரிப்பில் பூச்சி ஊர்கிறது என்று ராத்திரி முழுக்கப் பொறுக்கிக்கொண்டே இருப்பார்கள். பிடித்துக்கொள்ளப் போனால் நம்மையே அடையாளம் தெரியாது. கள்ளாக இருந்தால் என்ன, பிராந்தியாக இருந்தால் என்ன, தினமும் ஏற்றிக்கொண்டே போனால் உடம்பு ஒன்றுதான்.

எல்லாம் சமூகம் போடுகிற முத்திரைதான் என்ற முடிவுக்கு இந்த இழை போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கேடு நிஜம். அதை யாரும் தீர்மானம் போட்டு உண்டாக்கவில்லை.

சங்கப்பலகை எழுதியது:

மலர் அம்மா சொன்னது முக்கியம். அதோடு இதையும் சேர்த்துப் பாருங்கள்.

புறநானூற்றின் 235-ஆம் பாட்டு அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது. "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே" என்று தொடங்குகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து உண்பான். ஒரு பெண் புலவர், இறந்துபோன அரசனின் பெருமையில் முதலாவதாக இதை வைக்கிறார். அதில் வெட்கப்பட ஏதாவது இருக்கும் என்று அந்தப் பாட்டுக்குத் தோன்றவே இல்லை.

பின்னால் வந்த திருக்குறளில் 93-ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை. ஒரு பக்கம் வரைவின் மகளிர், மறு பக்கம் சூது. அதில் ஒரு குறள், குடித்துக் களித்திருப்பதைப் பெற்ற தாய் முகத்திலேயே பார்க்க முடியாதென்றால் சான்றோர் முன்னால் எப்படி இருக்கும் என்று கேட்கிறது. ஈரல் கெடும் என்று வள்ளுவர் பயமுறுத்தவில்லை, யார் முகத்தில் விழிப்பாய் என்று கேட்கிறார். துறவு மரபுகளின் ஒழுக்கம் ஊன்றிய காலத்துக் குரல் அது. பௌத்தத்தின் ஐந்து ஒழுக்கங்களில் மதுவை விலக்குவதும் ஒன்று.

ஆனால் முந்தையது போய்ப் பிந்தையது வந்துவிட்டது என்று நேர்கோடாக நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே ஊரில் சேர்ந்தே இருந்தன, இப்போதும் இருக்கின்றன. சுடலைமாடனுக்கும் முனியாண்டிக்கும் படையலில் சுருட்டோடு சாராயம் வைப்பார்கள். அடுத்த தெருப் பெருமாள் கோயிலில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கொஞ்சம் வசதி வந்த குடும்பங்கள் முதலில் செய்கிற காரியங்களில் ஒன்று, குலதெய்வப் படையலைச் சைவமாக மாற்றுவது. கேட்டால் "எங்க சாமி சுத்தமான சாமி" என்பார்கள். அவர்கள் தாத்தா காலத்தில் அதே சாமி கள் குடித்தது.

தேரிக்காட்டான் எழுதியது:

சங்கப்பலகை ஐயா, கடைசியில் சொன்னீர்களே, அது எங்கள் ஊர்க் கதையேதான். கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பனையேறுவதையும் கள் இறக்குவதையும் காரணம் காட்டித்தான் தெற்கே எங்கள் நாடார் முன்னோரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கமுதிக் கோயில் வழக்கு, 1899-இல் சிவகாசிக் கலவரம் எல்லாம் அந்தக் காலம். 1910-இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம் தன் மக்களிடம், கள் இறக்குவதை விட்டுவிடுங்கள், வியாபாரத்துக்குப் போங்கள், படிக்க வையுங்கள் என்றது. விட்டார்கள், போனார்கள், முன்னேறினார்கள். மரியாதையும் வந்தது. அதனால் இந்த ஒழுக்கத்தை மேலே இருந்தவர்கள் மட்டும் திணித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கீழே இருந்தவர்கள் ஏறிவருவதற்கான படியாகவும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அதற்காகக் கொடுத்த விலை, தொழிலை விடாமல் மரத்திலேயே இருந்த ஏழை உறவுக்காரர்களோடு பந்தி விலகியது.

இனி சட்டம். 1886-இல் சென்னை மாகாணத்தில் ஆப்காரிச் சட்டம், அதாவது மதுவரிச் சட்டம், வந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். அந்தக் காலத்தில் குடிப்பதோ இறக்குவதோ குற்றமாக இல்லை, வரி கட்டாமல் இறக்குவதுதான் குற்றம். வெள்ளைக்காரன் கஜானாவுக்கு ஆப்காரி வருமானம் பெரிய தூண். அதனாலேயே காங்கிரஸ் கள்ளுக்கடை முன்னால் மறியலுக்கு உட்கார்ந்தது. 1921-இல் ஈரோட்டில் பெரியார் மறியல் செய்து சிறைக்குப் போக, மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் தொடர்ந்து நடத்தினார்கள். கள் இறக்க விட்ட தன் தென்னைகளை ஐந்நூறுக்கு மேல் அவரே வெட்டிச் சாய்த்தார். பிற்காலத்தில் அவரே மதுவிலக்கு வேண்டாம் என்று பேசியவர் என்பதையும் மறக்கக் கூடாது.

1937 அக்டோபர் 1, ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. அப்போதும் 'பர்மிட்' என்று ஒன்று இருந்தது. டாக்டர் சான்றிதழ் வாங்கக்கூடியவர் வீட்டு அலமாரியில் பாட்டில் வைத்துக்கொள்ளலாம், அவர் குற்றவாளி இல்லை. பனையடியில் ஓலைப் பட்டையில் வாங்கிக் குடித்தவர் குற்றவாளி.

சேலம் பக்கம் 1916-இல் பிறந்து, இருபது வயதில் கள் இறக்க ஆரம்பித்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். 1936-இல் அவர் அரசுக்கு வரி கட்டும் தொழிலாளி. 1937-இல் குற்றவாளி. 1971-இல் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தினார். வேண்டாம் என்று 92 வயது ராஜாஜி நேரில் போய்க் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. அப்போது நம் ஆள் மறுபடி தொழிலாளி. 1974-க்குள் எல்லாக் கடைகளும் மூடப்பட்டன, மறுபடி குற்றவாளி. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடை திறந்தது, தொழிலாளி. 1987 ஜனவரியில் கள்ளும் சாராயமும் நிறுத்தப்பட்டபோது வயது 70, திரும்பக் குற்றவாளி. இத்தனைக்கும் அவர் கையில் இருந்த பாளை அரிவாள் மாறவில்லை, காலில் போட்ட தளைநார் மாறவில்லை, ஏறிய மரம் மாறவில்லை.

வரி கட்டுபவன் எழுதியது:

நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் நான் இதை ஏற்க மாட்டேன்.

மதுவிலக்கு இருந்த அந்த 1948 முதல் 1971 வரையிலான காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. என் அப்பாவும் பெரியப்பாக்களும் அதில் வருகிறவர்கள். அவர்களில் பெரும்பாலோர் குடியைத் தொட்டதே இல்லை. காரணம் போலீஸ் பயம் மட்டும் இல்லை, வெட்கம். குடிக்கிறவன் என்று பெயர் வந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், வீடு வாடகைக்குக் கிடைக்காது. அந்த வெட்கம் நல்லதைத்தான் செய்தது. இன்றைக்குக் கல்லூரிப் பையன் குடித்துவிட்டு அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறான். எல்லாமே காலத்துக்குக் காலம் மாறும் முத்திரை என்று நீங்கள் பாடம் எடுத்தால் அவன் எதற்கு வெட்கப்படப் போகிறான்?

இன்னொன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் அரசு கொடுத்தது. எல்லையில் உயிர் விட்ட சிப்பாய் இல்லை, விபத்தில் போனவரும் இல்லை. சட்டவிரோதம் என்று தெரிந்தே வாங்கிக் குடித்தவர்கள். இரக்கம் இருக்கட்டும், இது சமூகத்துக்கு என்ன சொல்கிறது?

ரிட்டயர்டு ஏட்டு எழுதியது:

வரி கட்டுபவன் சார், உங்கள் கோபம் புரிகிறது. நான் மதுவிலக்கு அமல்பிரிவில் வேலை பார்த்தவன். மாவட்டம் வேண்டாம். அந்தப் பக்கத்து நிலவரத்தைச் சொல்கிறேன்.

பனங்காட்டுக்குள் போனால் நாங்கள் முதலில் பார்ப்பது கலயத்தின் உள்ளே. வெள்ளையாக வளையம் தெரிந்தால் பதநீர், விட்டுவிடலாம். வளையம் இல்லை, புளிப்பு வாடை, ஈ மொய்க்கிறது என்றால் கள். மாதிரிக்கு ஒரு பாட்டிலில் எடுத்து முத்திரை வைத்துவிட்டு மிச்சத்தைத் தரையில் கொட்டுவோம், கலயத்தை உடைப்போம். சில சமயம் சுண்ணாம்பு குறைவாகப் பட்டு, வெயில் ஏறின பிறகு பதநீரே நுரைக்கும். அதற்கும் கேஸ் ஆனவர்கள் உண்டு. மாசக் கடைசியில் எண்ணிக்கை காட்ட வேண்டுமென்றால் பனங்காட்டுக்குத்தான் போவார்கள். மரம் ஓடாது, ஏறியவரும் ஓட முடியாது.

அபராதம் கட்டிவிட்டு வந்து அடுத்த வாரமே ஏறுவார், வேறு வழி இல்லை. இரண்டு மூன்று வழக்கு சேர்ந்தால் ஸ்டேஷன் பதிவேட்டில் பெயர் ஏறும். அப்புறம் ஊரில் ஆடு காணாமல் போனாலும் அவர் வீட்டுக்குத்தான் முதலில் ஆள் போகும். பையனுக்குச் சர்க்கார் வேலை வந்தால் விசாரணையில் அப்பா பேரில் இருக்கும் வழக்கைக் கேட்பார்கள். அந்தக் குடும்பத்துக்குக் குற்றவாளிக் குடும்பம் என்ற பெயர் இப்படித்தான் வருகிறது. கள் அங்கே ஒரு ஆரம்பம், அவ்வளவுதான்.

குண்டர் சட்டம் என்று எல்லோரும் சொல்கிறோமே, 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம், அதன் முழுப்பெயரில் முதலில் வருகிறவர் குண்டர் இல்லை, கள்ளச்சாராயக்காரர். 1981-இல் கடை திறந்தாச்சு. 1982-இல் இந்தச் சட்டம். 1983-இல் டாஸ்மாக் நிறுவனம். 2003-இல் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது. வரிசையை நீங்களே பாருங்கள். தேரிக்காட்டான் தம்பி, காசு எங்கே போகிறது என்று கேட்டீர்களே, அதற்கு இதைத்தான் காட்டுவேன்.

கள்ளக்குறிச்சி விஷயம். விற்றவனை விட்டுவைக்கக் கூடாது, அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. அதே மாதக் கடைசியில் சட்டத்தைத் திருத்தி, சாவு நேர்ந்தால் விற்றவனுக்கு ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தது சரி. ஆனால் குடித்தவர்கள் கூலிக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள். டாஸ்மாக் குவார்ட்டர் வாங்கக் காசு பத்தாமல் பாக்கெட் சாராயத்துக்குப் போனவர்கள். உழைத்த உடம்பு வலிக்குக் குடித்ததில் அவர்களுக்கும் கடையில் நின்றவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒருவர் அரசின் வாடிக்கையாளர், ஒருவர் சட்டவிரோதி. வித்தியாசம் சட்டைப்பையில் இருந்த சில பத்து ரூபாய்.

மதுரைக்காரி எழுதியது:

இதுவரை பேசியதெல்லாம் ஆண்கள் குடிப்பதைப் பற்றி. பெண் பக்கத்துக்கு யாரும் வரவில்லை, அதனால் நான் வருகிறேன்.

எங்கள் பாட்டி காலத்தில் நாற்று நட்டுவிட்டுக் கரையேறுகிற பெண்களுக்குச் சாயங்காலம் கூலியோடு கள்ளும் உண்டு. வயலில் வேலை செய்த சாதிகளில் அது வெகு சாதாரணம். பாட்டி அதை என்னிடம் சொன்னபோது வெற்றிலை போட்டதைச் சொல்வது மாதிரித்தான் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா எழுந்து போய்விட்டார். அம்மாவுக்கு அது மானக்கேடு. அவர் டீச்சர் வேலைக்குப் போனவர், அவருடைய உலகத்தில் குடிக்கிற பெண் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். ஒரே வீட்டில் ஒரு தலைமுறைக்குள் இப்படி மாறிவிட்டது.

இன்றைக்கு டாஸ்மாக் வரிசையில் இருநூறு ஆண்கள் நிற்கலாம். நடுவில் ஒரு பெண் நின்றால் அந்த இருநூறு பேரில் யாராவது போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார். கீழே, கலாச்சாரம் சீரழிந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவர் கையிலும் சரக்கு இருக்கிறது. மலர் அக்கா சொன்ன கேடு ஈரலில் இருக்கிறதென்றால், ஆண் ஈரல் பெண் ஈரல் என்று இல்லையே. அப்புறம் எதற்கு இந்தக் கோபம்? பெண்ணைக் குடும்பத்தின் மானம் என்று வைத்திருப்பதால் வருகிற கோபம், குடிக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

இதன் மறு பக்கமும் உண்டு. 1992-இல் ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் பெண்கள் சாராயத்துக்கு எதிராக எழுந்தார்கள். கடையை மூட வைத்தார்கள், பக்கத்து மாவட்டங்களில் ஏலத்தைத் தடுத்தார்கள். ரோட்டில் இறங்கிக் கத்துகிற பெண் என்றால் அதுவரை அடங்காப்பிடாரி. அந்த அடங்காமையால்தான் மாநிலத்தில் முதலில் சாராயமும் பிறகு எல்லா மதுவும் தடையானது. இங்கேயும் கடையை மூடச் சொல்லி மறியல் செய்த பெண்கள் மீது வழக்கு இருக்கிறது. 2015-இல் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவன் மீது தேசத்துரோகப் பிரிவே பாய்ந்தது. 1921-இல் மறியல் செய்த நாகம்மையைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். இவர்களை எங்கே வைப்பது?

வலிகாமம் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். உங்கட விவாதத்தில் எல்லோரும் சட்டத்தையும் கறையையும் ஒன்றாகவே கட்டிப் பேசுகிறீர்கள். எங்கட பக்கத்தில் இரண்டும் தனித்தனி.

இங்கே கள்ளு சட்டப்படி சரி. 1970-களில் இருந்து பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சீவல் தொழிலாளி முட்டியில் இறக்கிக் கொண்டுவந்து சங்கத்தில் கொடுப்பார், சங்கம் தவறணையில், அதாவது கள்ளுக்கடையில், விற்கும். மிஞ்சுகிற கள்ளு வடிசாலைக்குப் போய்ச் சாராயமாகும், போத்தலிலும் அடைப்பார்கள். 1978-இல் இருந்து பனை அபிவிருத்திச் சபையும் உண்டு.

ஆனாலும் சீவல் தொழில் செய்கிறவரை ஊர் எப்படி நடத்தியது? கோயிலுக்குள் விடவில்லை, தேநீர்க் கடையில் தனிக் குவளை. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. கோயிலுக்குள் இருந்தவர்களில் எத்தனையோ பேர் பின்னேரம் அதே ஆளிடம் பிளாவில், அதாவது பனையோலைக் குவளையில், வாங்கிக் குடித்தவர்கள். குடித்தவருக்குக் கறை இல்லை, இறக்கிக் கொடுத்தவருக்குக் கறை. அந்த இடத்தில் சட்டத்துக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை, எல்லாம் சாதி செய்த வேலை.

மதுரைத் தங்கச்சி எழுதியதற்கும் ஒன்று சேர்க்கிறேன். இலங்கையில் பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979-இல் ஒரு ஒழுங்குவிதி வந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெற வைத்தார். ஆண்களுக்கு அப்படி ஒரு விதியை எவரும் பேசியதாக நான் கேள்விப்படவில்லை.

செவிலி மலர் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். வரி கட்டுபவன் சார் வெட்கம் நல்லது செய்தது என்றார். அவர் வீட்டில் செய்திருக்கும், மறுக்கவில்லை. வார்டில் அது என்ன செய்கிறது என்று சொல்கிறேன்.

மனைவிமார் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வரும்போது, பக்கத்து வீட்டில் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். மூன்று நாலு வருடம் மறைத்துவிட்டு, ரத்த வாந்தி எடுத்த பிறகுதான் வருகிறார்கள். ஏன் முன்னாடியே வரவில்லை என்று கேட்டால், "குடிகாரன் பொண்டாட்டின்னு பேர் வந்துடும், பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கணும்" என்கிறார்கள். பெண் நோயாளிகள் இன்னும் மோசம். அவர்கள் வருவதே இல்லை. வருகிறவர்களும் குடியைச் சொல்ல மாட்டார்கள். வயிற்று வலி என்று படுப்பார்கள், இரண்டாம் நாள் கை நடுங்கும்போது நாங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் தயமின் ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து, சிக்கலாகாமல் பார்த்துக்கொள்ள முடியும். மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

குடியைத் தடுப்பதற்கு ஊர் வைத்திருக்கும் வெட்கம் குடிக்காதவரைக் கொஞ்சம் தடுக்கலாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவரை அது மருத்துவமனைக்கு வரவிடாமல் தடுக்கிறது. என் கண்ணால் தினமும் பார்ப்பது இது.

தேரிக்காட்டான் எழுதியது:

மலர் அக்கா, நன்றி. நான் தொடங்கும்போது சொன்னதில் உங்களால் இன்னொன்றும் தெளிவாகிறது. கேடு எவ்வளவு என்பது ஒரு கேள்வி, கறை யார் மேல் விழுகிறது என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு டாக்டரும் நர்சும் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு அவர்களிடம் பதில் கிடையாது. ஆல்கஹால் சதவீதத்தை மட்டும் பார்த்துச் சட்டம் போட்டிருந்தால் 42.8-க்கு முதலில் தடை வந்திருக்கும்.

வரி கட்டுபவன் சார், அந்தக் கல்லூரிப் பையனைப் பற்றிய உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அவனுடைய வெட்கம் போனதற்கு எங்களைப் போல் பேசுகிறவர்கள் காரணம் இல்லை. ஊர் முக்குக்கு முக்கு அரசு முத்திரையோடு கடை இருக்கிறது, பண்டிகைக்கு எவ்வளவு கோடி விற்றது என்று செய்தி வருகிறது. வருடத்துக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வருகிறது. இவ்வளவு சாதாரணமாக நடப்பதை அவன் எப்படித் தப்பு என்று நினைப்பான்? அதே பையன் பனையடியில் நிற்கும் கிழவரைப் பார்த்தால் மட்டும் கள்ளுக் குடிகாரன் என்று முகத்தைச் சுளிக்கிறான்.

வரி கட்டுபவன் எழுதியது:

மலர் மேடம் சொன்னதை யோசிக்கிறேன். 10 லட்சம் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான். ஆனால் ஏட்டு சார் சொன்ன பனையேறி மேல் வழக்கு வேண்டியதில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். பெரிய கடைக்குப் போகாத கோபம் சின்ன மரத்தடிக்குப் போவது நியாயமில்லை. என் நிலை, இரண்டையும் மூடு என்பதுதான்.

பொள்ளாச்சித் தென்னை எழுதியது:

வலிகாமம் அண்ணா, ஒன்று கேட்கிறேன். சட்டமும் அனுமதிக்கிறது, சங்கமும் இருக்கிறது, கள்ளை வாங்க வடிசாலையும் இருக்கிறது என்கிறீர்கள். நாங்கள் இத்தனை வருடமாகக் கேட்பது அதைத்தான். அது கிடைத்தபின் தொழில் எப்படி இருக்கிறது?

வலிகாமம் எழுதியது:

உண்மையைச் சொல்கிறேன் தம்பி. தவறணையில் கள்ளுக்குத் தட்டுப்பாடு வருகிற நாட்கள் உண்டு. மரம் இல்லாமல் இல்லை, ஏறுகிற ஆள் இல்லை. சீவல் தொழிலாளியின் பிள்ளைகள் படித்து வெளியே போய்விட்டார்கள். தகப்பன் தொழிலைப் பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூச்சப்பட்டு வளர்ந்த பிள்ளைகள், திரும்பி வந்து ஏறுவார்களா? அவர்களில் எவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். வேறு சாதியில் இருந்து ஒருவரும் அந்த வேலைக்கு வரவில்லை, வருமானம் நன்றாக இருந்தும். உங்கட தோப்பில் நாளைக்கு அனுமதி கிடைத்தால் யார் ஏறுவார்கள்?

பொள்ளாச்சித் தென்னை எழுதியது:

இப்போது தேங்காய் பறிக்கவே வெளியூரிலிருந்துதான் ஆள் வருகிறார்கள். கள் இறக்கவும் அவர்கள்தான் வருவார்கள். என் மகன் ஏற மாட்டான், நானும் ஏறச் சொல்ல மாட்டேன். அனுமதி கேட்டுக் கூட்டம் போடும் எங்களில் தோப்பு வைத்திருப்பவர்கள்தான் அதிகம், மரம் ஏறுகிறவர்கள் கொஞ்சம் பேர். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்து வைக்கிறேன். கேரளாவில் இருப்பது மாதிரி ஏறுகிறவருக்கு நல வாரியம், விழுந்தால் இழப்பீடு, பழைய வழக்குகள் ரத்து, இந்த மூன்றும் கோரிக்கைப் பட்டியலில் இன்னும் இல்லை. ஏட்டு ஐயா, பழைய வழக்குகளை எப்படி ரத்து செய்யக் கேட்பது என்று உங்களுக்குத் தெரிந்தால் தனி இழையில் எழுதுங்கள்.